கழுத்து வழி

கதவு திறக்கப் போகிறது என்று தெரிந்தாலே ஆவுடையம்மாளுக்கு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, ஆனால் எங்கே திருப்ப, வலது கழுத்தில் ஒரு குழாயைச் சொருகித் தையல் போட்டு மேலே பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள், அதிலிருந்து மூன்று வால் தொங்குகிறது, ஒன்றுக்கு நீல மூடி, ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குப் பழுப்பு, கழுத்தைக் கொஞ்சம் அசைத்தாலும் தோலுக்கு அடியில் உயிருள்ளது ஏதோ நெளிகிற மாதிரி இருக்கிறது. அதனால் சக்கர நாற்காலியில் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்தக் கதவு. கனத்த கதவு, உள்ளே ஈயத் தகடு வைத்தது என்று மகள் ரேகா சொல்லியிருக்கிறாள், மூடிவிட்டால் எறும்பு இருமினால்கூட வெளியே வராதும்மா என்பாள். மூடியிருக்கும்வரை ஒன்றுமில்லை. யாரையாவது உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதும் வெளியே கொண்டுவரும்போதும் ஒரு சந்து விடுகிறதே, அந்தச் சந்துதான் பயம். அதன் வழியே அது வந்துவிடும். ஒரு சொல் வந்தால்கூடப் போதும். தறிக்காரியின் காது அவளுக்கு, சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடத்தில் ஆயுசைக் கழித்து மந்தமாகிப்போன காது, அடுத்தவர் பேசினால் பாதிதான் விழும், அதற்காக இத்தனை வருஷம் சங்கடப்பட்டவள் இன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த மந்தத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள், கேக்காம இருக்கட்டும் தாயே, ஒண்ணும் கேக்காம இருக்கட்டும். பக்கத்தில் அண்ணன் பெண்சாதி செம்பகம், வேறொரு நோயாளியோடு வந்திருந்த மனுஷனிடம் முழுக்கதையையும் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "வயித்துல ஆப்பரேசன் முடிஞ்சி காய்ச்ச எறங்கல பாத்துக்கிடுங்க. உள்ள எங்கயோ ஒழுவுதாம். எங்க ஒழுவுதுன்னு கண்ணால பாக்காம மறுபடி வயித்தத் தொறக்க மாட்டேன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கு மருந்து ஏத்தி ஸ்கேன் எடுக்கணும். மருந்து ஏத்த நரம்பு வேணும்லா, இவ கையப் பாருங்க." அந்த மனுஷன் பார்த்தான். ஆவுடையும் பார்த்தாள், அவளுடைய கைதானா அது, இரண்டும் கத்தரிக்காய் மாதிரி கறுத்து வீங்கி, குத்திக் குத்தி நரம்பெல்லாம் பயந்து உள்ளே ஓடி ஒளிந்துவிட்டன. முதலில் போன ஸ்கேன் சென்டரில் அதனால்தான் திருப்பி அனுப்பினார்கள். இது சாதாக் குழாய், எங்க பம்பு மருந்தை வேகமாத் தள்ளும், வேகம் தாங்காம உள்ளயே கிழிஞ்சா யாரு பதில் சொல்லுவா, கையில ஊசி போட்டுக் கூட்டிட்டு வாங்க என்றான் அங்கே இருந்தவன். "கையில நரம்பு இருந்தா நாங்க எதுக்குய்யா கழுத்தத் தூக்கிக்கிட்டு வாரோம்" என்று மதினி அவனை ஒரு பிடி பிடித்தாள். அவன் சொன்னதிலும் தப்பில்லைதான். டியூபுக்கு ஒரு தாங்கல் உண்டு, அதற்கு மேலே போனால் எதுவும் கிழியும். இங்கே மட்டும்தான் டாக்டரே பக்கத்தில் நின்று கையால் மெதுவாகத் தள்ளுவார்களாம். இங்கே மட்டும்தான். பாளையங்கோட்டையில் எத்தனை தெரு, எத்தனை சென்டர், அத்தனையும் விட்டுவிட்டு இந்த வாசலுக்குத்தான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன் என்று, பஸ் இந்த வழியாகப் போனால் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தவள் அவள். "இவ மகதான் இங்க ஸ்கேன் எடுத்துக்கிட்டு இருந்தா" என்று மதினி ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "என்ன வெயிலு, என்ன வெயிலு" என்று முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

ரேகா, பொன்ரேகா, பிறந்ததும் தறிச் சத்தத்தில், தொட்டில் கட்டியதும் தறிக்கூடத்து உத்தரத்தில், பசித்து அழுதால்கூடத் தறியை மீறித்தான் அழ வேண்டும், அப்படி வளர்ந்த தொண்டை. பள்ளிக்கூடத்தில் மெதுவாகப் பேசு என்று எந்த வாத்தியார் அடித்தும் இறங்கவில்லை. படித்து முடித்து இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது இந்த மெஷின் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்ததாம். மூச்சை இழு, நிறுத்து, விடு என்று இங்கிலீஷில். நாங்குநேரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் உள்ளே படுத்துக்கொண்டு, மெஷின் தன்னிடம் ஏதோ விசாரிக்கிறது என்று நினைத்து, "நான் சுகந்தான், அங்க எல்லாரும் சுகமா" என்று மரியாதையாகக் கேட்டாராம், படம் எல்லாம் ஆடிப்போய்விட்டது. அதற்கப்புறம்தான் முதலாளி, தமிழில் நாமே பதிந்து வைப்போம், யார் குரல் நல்லாக் கேட்கும் என்று யோசித்திருக்கிறார், யோசிக்க என்ன இருக்கிறது, இந்தக் கட்டடத்துக்கே கேட்கிற குரல் ஒன்றுதானே. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் பக்கத்து வீட்டுத் தறி ஓட ஓட நடு வீட்டில் நின்றுகொண்டு, மூச்ச நல்லா உள்ள இழுங்க, அப்படியே புடிங்க, இப்ப விடலாம் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஆவுடை அரிசி களைந்துகொண்டே, "ஊர்ல உள்ளவன் மூச்சுக்கெல்லாம் நீதான் மொதலாளியோ" என்றாள். "மொதலாளிதாம்மா, ஆனா சம்பளந்தான் மொதலாளி சம்பளம் இல்ல" என்று அவள் சிரித்தாள். எப்படிச் சிரித்தாள். அங்கேதான் அறுந்துபோகிறது. நூல் அறுந்தால் தறி நின்றுவிட வேண்டும், ஆனால் இது நிற்காமல் வெறும் இழையில் ஓடுகிறது, வாய் தெரிகிறது, பல் தெரிகிறது, சிரிப்பின் சத்தம் வரவில்லை. சத்தம் என்று தேடினால் வருவது ஒன்றே ஒன்றுதான், போனில் வந்தது. அந்தக் கொரோனா வருஷம் இந்த வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையாக நின்றது, ஊரில் உள்ள நெஞ்சையெல்லாம் ரேகா படம் பிடித்தாள், எல்லாரையும் மூச்சை இழுக்கச் சொன்னது அவள் குரலிலே மெஷின், பாதிப் பேருக்கு இழுக்கவே முடியவில்லை. பிறகு அது அவள் நெஞ்சிலும் வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன், "ம்மா... சாப்... சாப்புட்..." அவ்வளவுதான், நடுவில் நடுவில் காற்றைத் தேடுகிற சத்தம், மண்ணெண்ணெய் தீர்ந்த ஸ்டவ் மாதிரி. சாப்பிட்டியா என்று கேட்க வந்திருக்கிறாள். சாப்பிட்டேன் தாயி என்று இவள் கத்தினாள், அந்தப் பக்கம் காதில் விழுந்ததோ என்னவோ. அன்றையிலிருந்து ரேகா பேசினாலே அப்படித்தான் பேசுகிறாள், சின்னப் பிள்ளையாக வந்து பேசினாலும் மூச்சு முட்டித்தான் பேசுகிறாள், அஞ்சு வயசில் மாம்பழம் கேட்டது ஞாபகம் வந்தாலும் மாம்... மாம்ப... என்று திக்கித்தான் கேட்கிறாள். அந்தப் போன் பின்னோக்கியே நடந்து போய் அத்தனை வருஷத்தையும் தின்றுவிட்டது. காரியத்துக்கு வந்திருந்த ஜெபசிங் தம்பி, ரேகாவுக்குக் கீழே வேலை பார்த்த பையன், அழுதுகொண்டே அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டான். ரேகாவையும் இங்கேதான் ஸ்கேன் எடுத்தார்களாம், அவன்தான் எடுத்தானாம். உள்ளே படுத்திருந்தவளிடம் அவள் குரலே மூச்ச நல்லா உள்ள இழுங்க என்று சொன்னதாம். "அக்காவால புடிக்க முடியலம்மா." ஐயோ, அதைக் கேட்டுக்கொண்டு எப்படிப் படுத்திருந்தாள், நல்லாருந்த நாளில் ஊருக்கெல்லாம் சொன்னது தனக்கே திரும்பி வந்தபோது அவள் என்ன நினைத்தாள், சிரித்தாளா, வெட்கப்பட்டாளா, ஒரு பெண்ணுக்கு இப்படியும் நடக்குமா. அக்கா வாய்ஸ் அப்படியேதான் இருக்கும்மா, எப்ப வேணும்னாலும் வந்து கேளுங்க என்றான் அந்தப் பிள்ளை, நல்ல மனசோடுதான் சொன்னான். வர மாட்டேன் என்றாள். வரவில்லை. எதைக் கேட்க வர, மகள் மூச்சைப் பிடிக்க முடியாமல் கிடந்த இடத்தில் மூச்சைப் பிடி என்று அவள் சொல்வதையா.

கதவு திறந்தது. திறந்ததும் ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள், காதைப் பொத்த முடியாதவர்கள் கண்ணைத்தான் மூடுகிறார்கள், ஆனால் ஒன்றும் வரவில்லை, செருப்புச் சத்தம்தான் வந்தது, ஜெபசிங். மீசை வைத்திருக்கிறான், இரண்டு நரை. குனிந்து அவள் முழங்காலைத் தொட்டான். "அம்மா." மதினிதான், "ஏ தம்பி, கல்யாணம் ஆயிட்டா உனக்கு" என்று கேட்டு அந்த இடத்தைக் கடத்திவிட்டாள். அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே, வாசல்படியில் நிறுத்தி, மெதுவாகக் கேட்டான், "வாய்ஸ ஆஃப் பண்ணிரட்டுமாம்மா? மைக்குல நானே சொல்லிருதேன்." அப்போதுதான் அவளுக்கு உடம்பே இறங்கி உட்கார்ந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கிளம்பினதிலிருந்து பிடித்து வைத்திருந்த என்னமோ ஒன்று. "ஆஃப் பண்ணிரு ராசா, நீயே சொல்லு." கம்மலைக் கழற்றி மதினி கையில் கொடுத்தாள். உள்ளே அப்படிக் குளிர். வெள்ளையாக ஒரு பெரிய வளையம், அதன் நடுவே நாக்கை நீட்டினாற்போல் ஒரு பலகை, அதில் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி வைக்கச் சொன்னார்கள். இந்தப் பலகைதான். இதே பலகையா, மாற்றியிருப்பார்களா, கேட்கலாமா, கேட்டால் ஜெபசிங் முகம் என்ன ஆகும், அவளுடைய தலை இந்தக் குழிவில்தானே இருந்திருக்கும், பின்னலை எந்தப் பக்கம் போட்டிருந்தாளோ. டாக்டரம்மா வந்தாள், நிலோஃபர் என்று பெயர், சின்னப் பெண், ரேகா வயசு இருக்கும், ஈயக் கோட்டு உடம்பை அமுக்க நடந்து வந்தாள். "பழுப்பு மூடி இருக்கில்ல, அதுதான் பெரிய வழி. முதல்ல ரத்தம் திரும்பி வருதான்னு பாக்கிறேன், அப்புறம் உப்புத்தண்ணி, வலிக்காது." இழுத்தாள், சிவப்பு ஏறி வந்தது. உப்புத்தண்ணீர் போனது, கழுத்துக்குள் ஒரு குளிர்ப் பாம்பு இறங்கி நெஞ்சுக்குள் போய் மறைந்தது, வாயில் என்னமோ துருப்பிடித்த ஆணியைச் சப்பின ருசி, வாய் வழியாகப் போகாதது வாய்க்கு எப்படித் தெரிகிறது. "முதல்ல மருந்து இல்லாம ஒண்ணு எடுத்துக்குவோம்" என்று எல்லாரும் வெளியே போனார்கள். பலகை நகர்ந்தது. வளையத்துக்குள் என்னமோ சுற்ற ஆரம்பித்தது, தூரத்துத் தெருவில் தறி ஓடுவது மாதிரியே, அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம், அதில் தூங்கிவிடக்கூட அவளால் முடியும். அதற்கு நடுவே எங்கோ ஒரு முணுமுணுப்பு. யாரோ யாரிடமோ ரகசியம் பேசுகிறார்கள். என்ன என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பலகை போய்த் திரும்பிவிட்டது, சுற்று நின்றுவிட்டது. கதவு திறந்து ஜெபசிங் வந்தான். "அம்மா, மூச்சப் புடிக்கவே இல்லையே?" "நீ சொல்லவே இல்லையே தம்பி." "சொன்னேம்மா." அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு என்ன குரல், கோயிலில் ஜெபம் பண்ணுகிற குரல், அழுகிற பிள்ளையைத் தூங்க வைக்கிற குரல், அது தறிக்காரி காதுக்குள் ஏறுமா. "மைக்க இன்னும் சத்தமா வைக்க முடியாதா" என்றாள் டாக்டரம்மா. "இதான் மேடம் ஃபுல்லு." "நான் பக்கத்துல நின்னு தட்டிச் சொல்லலாம்னா, ரெண்டு கையும் சிரிஞ்சில இருக்கும், தள்ளிட்டு உடனே விலகி நிக்கணும்." அப்புறம் இவளைப் பார்த்துச் சொன்னாள், ஒளிக்காமல், அதற்காகவே அந்தப் பெண்ணை ஆவுடைக்குப் பிடித்துப்போனது: "பாருங்கம்மா, இப்ப எடுத்தது ஆடினாலும் பரவால்ல. மருந்து போன பிறகு ஆடக்கூடாது. பம்புல தள்ளாம கையில தள்ளுறதால ஏற்கெனவே மருந்து கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும். உங்க கிட்னி இருக்கிற நிலைமைக்கு இன்னொரு தடவை இந்த மருந்தைக் குடுக்க முடியாது. இந்த ஒரு தடவைதான்." ஜெபசிங்குக்குத் தெரியும் என்ன செய்ய வேண்டும் என்று, அவள் வாயிலிருந்து வரட்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதை இவன் கேட்கவும் மாட்டான், பாவம், மருந்தே போனாலும் கேட்க மாட்டான்.

கூரையில் ஒரு விளக்கு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் எங்கோ ஒழுகுகிறது. எங்கே என்று தெரியாவிட்டால் திறக்க மாட்டார்கள், திறக்காவிட்டால் இந்தக் காய்ச்சல் இப்படியே எரிந்து எரிந்து ஒருநாள் அணையும், அணைந்தால் என்ன, யார் இருக்கிறார்கள் அழ, மதினி அழுவாள், ஊரைக் கூட்டி அழுவாள். போய்விட்டால் அந்தப் போனும் நின்றுவிடும். இப்படி ஒரு நினைப்பு இதற்கு முன்னும் வந்திருக்கிறது, வாசலில் வந்து உட்கார்ந்து பழகின நாய் மாதிரி, விரட்டினால் தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் இன்றைக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கழுத்தில் மூன்று வாலோடு, இந்தச் சின்னப் பெண் ஈயக் கோட்டின் கனத்தில் வியர்த்துக்கொண்டு இவளுக்காகவே காத்து நிற்கும்போது, அந்த நாய் உள்ளே வர வெட்கப்பட்டது. "தம்பி" என்றாள். "அவ கொரலயே போடு." சொல்லிவிட்டாள். சொன்னதும் உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்தது, ஐயையோ ஆடக்கூடாதே, ஆடினால் போச்சே, திக்கிக்கொண்டு வரப்போகிறது, ம்மா... மூச்... மூச்ச... என்று காற்றைத் தேடிக்கொண்டு வரப்போகிறது, வேண்டாம் என்று சொல்லிவிடலாம், இன்னும் நேரமிருக்கிறது. கதவு மூடிக்கொண்டது. "ஆரம்பிக்கிறேம்மா" என்றாள் டாக்டரம்மா, கழுத்துக்குப் பக்கத்தில் குனிந்து, அவள் தம் கட்டித் தள்ளுவது இவள் காதோரம் தெரிந்தது. முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் சூடு. கையில் ஏற்றினால் கையிலிருந்து மெதுவாக வருமாம், இது கழுத்து வழி, நேராக நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்தது மாதிரி குப்பென்று எழும்பி, தொண்டைக்கு வந்து, காதுக்கு வந்து, அடிவயிற்றுக்கு இறங்கி, சேலையோடு ஒன்றுக்குப் போய்விட்டோமோ என்று ஒரு கூச்சம், ஈயக் கோட்டு சரசரவென்று விலகியது, பலகை நகர்ந்தது, தறி ஓட ஆரம்பித்தது. இப்போது வரும். இதோ. பேச்சு வருவதற்கு முன்னால் ஒன்று வந்தது. யாரும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை, சொல்ல வேண்டியது என்று யாருக்கும் தோன்றியிராது. பேசுவதற்கு முன்னால் ரேகா மூச்சு இழுத்தாள். மூக்கால், நன்றாக, நிறைய, தடங்கல் இல்லாமல், கிணற்றில் வாளி நிரம்புகிற மாதிரி நெஞ்சு முழுக்க இழுத்தாள், அது அப்படியே பதிவாகிக் கிடக்கிறது. அதற்கப்புறம்தான், "மூச்ச நல்லா உள்ள இழுங்க." பாதி அதட்டல். அடுப்பில் பால் பொங்குது பாரு என்பாளே, அந்த அதட்டல். அவள்தான். திக்காத ரேகா. ஆவுடை இழுத்தாள். "அப்படியே புடிங்க." பிடித்தாள். பிடித்ததும் எல்லாம் நின்றது, நடுக்கம் நின்றது, வயிறு நின்றது, சுற்றுகிற சத்தம் மட்டும், நடு வீடு, பக்கத்து வீட்டுத் தறி, கையில் களைந்த அரிசித் தண்ணீர், அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், திரும்பப் போகிறாள், திரும்பிச் சிரிக்கப் போகிறாள், நெஞ்சு அடைக்கிறது, அடைக்கட்டும், உன்னால் பிடிக்க முடியாமல் போனதை நான் பிடிக்கிறேன் தாயி, கொஞ்சம் அசையாமல் இரு, நானும் அசையாமல் இருக்கிறேன். "இப்ப விடலாம்." விட்டாள். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போயிற்று, துடைக்கக் கையை இறக்கவில்லை. பலகை திரும்பி வந்தது, கொஞ்சம் பொறுத்து மறுபடியும், அதே இழுப்பு, அதே அதட்டல், ஒரு இம்மி மாறாமல். இவள் என்ன பதில் சொன்னாலும் மாறாது. அது தெரிந்தது. தெரிந்தும் அசையவில்லை.

"சுத்தமா வந்திருக்கும்மா" என்றான் ஜெபசிங், கதவைத் தள்ளிக்கொண்டு வந்து. "எடம் தெரியுது" என்றாள் டாக்டரம்மா, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, யாருக்கோ போனில். ஆவுடையை இருவருமாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஜெபசிங் என்னமோ கேட்க வந்தான், எப்படி இருந்தது என்றோ, மன்னிச்சிருங்க என்றோ, அவள் அவன் கன்னத்தைத் தொட்டு, "ஒன் கொரலு எழும்பக் கொஞ்சம் உப்பு போட்டுத் தின்னுய்யா" என்றாள். அவன் அழுகிறமாதிரி சிரித்தான். அவன் கன்னத்திலேயே கண்ணை வைத்திருந்தாள், சிரித்தபோது சத்தம் வந்தது, சிரிப்பென்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும். வெளியே நாற்காலியைத் தள்ளினார்கள், மதினி ஓடி வந்தாள், "முடிஞ்சிட்டா, வலிச்சிதா, தண்ணி குடிக்கச் சொன்னாவளா, அந்தாளு என்ன சொல்லுதான்னா..." என்று தொடங்கி நிறுத்தாமல் கம்மலை மாட்டிவிட்டுக்கொண்டே பேசினாள். அடுத்த ஆளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள், வேட்டி கட்டின ஒரு பெரியவர், கதவை யாரோ முழுக்கச் சாத்த மறந்திருந்தார்கள். சந்து வழியே வந்தது. முதலில் அந்த இழுப்பு. மதினிக்கு அது கேட்கவில்லை, காது நன்றாக இருக்கிறவர்களுக்கு அதெல்லாம் கேட்காது. பிறகு அந்தப் பெரியவருக்கு, அதே அதட்டல், மூச்ச நல்லா உள்ள இழுங்க, அப்படியே புடிங்க. ஆவுடை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மதினியின் கை கம்மலோடு அப்படியே நின்றது, அவளுக்கும் குரல் தெரிந்துவிட்டது, வாய் திறந்தபடி கதவையே பார்த்தாள். யாரோ உள்ளிருந்து கதவை இழுத்து மூடினார்கள். சத்தம் போய்விட்டது. எறும்பு இருமினால்கூடக் கேட்காத கதவு. ஆவுடை காத்துக்கொண்டிருந்தாள், கன்னம் உப்பி, கண் சிவந்து, கழுத்துக் குழாய் தோலுக்கடியில் துடித்தது, நெஞ்சு அடைத்தது, அந்தப் பக்கமிருந்து இனி ஒன்றும் வராது என்று தெரிந்துகொண்டே காத்திருந்தாள். மதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கம்மலின் திருகை இறுக்கினாள். "ஏளா," என்றாள், "ஒனக்குத்தான் படம் எடுத்து முடிஞ்சிட்டுல்லா. இன்னும் எதுக்கு மூச்சப் புடிச்சிக்கிட்டு இருக்க. வா, ஆஸ்பத்திரி போயி சேர வேண்டாமா."

ஆவுடை விட்டாள்.